பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்குக் குறைந்த செலவில் எந்த போன்? (பெங்களூர், ஹலசூர்)

ஹலசூர்_மகள்

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவும் அப்பாவும் ஹலசூர் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில், பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறார்கள். நான் எலெக்ட்ரானிக் சிட்டியில். வீட்டில் செம்புக் கம்பி லேண்ட்லைன் இருந்தது. சாலையைத் தோண்டியபோது அறுந்த லைன் இன்னும் சரியாகவில்லை, வாடகை பில் மட்டும் தவறாமல் வருகிறது.

இப்போது ஆளுக்கொரு மொபைல் வைத்திருக்கிறார்கள். அப்பாவுடையது பட்டன் போன். அம்மாவிடம் என் பழைய ஸ்மார்ட்போன், ஆனால் அதில் பச்சை பட்டனைத் தவிர எதையும் தொடமாட்டார். இருவருக்கும் 28 நாளுக்கு ஒரு முறை டேட்டா பேக்தான் போட்டு வருகிறோம். ஒரு எம்பி கூடச் செலவாவதில்லை.

பெரிய கஷ்டம் சிக்னல். வீட்டுக்குள் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது. போன் அடித்தால் அம்மா முழங்கால் வலியோடு கேட் வரை போய்ப் பேசுகிறார். பேசுவது எல்லாம் நாலைந்து பேரிடம்தான்: தங்கவயலில் பெரியம்மா, வேலூரில் மாமா, நான், ஷார்ஜாவில் தம்பி. தினமும் ஒரு மணி நேரமாவது பேச்சு ஓடும்.

வீட்டில் இன்டர்நெட் கிடையாது. அப்பா வேண்டாம் என்கிறார். இருவருக்கும் சேர்த்து மாதம் 300 ரூபாயை ஒட்டி முடிந்தால் நல்லது. மறுபடி லேண்ட்லைனா, ஃபைபரா, மொபைலே போதுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

காக்ஸ்டவுன்_சேகர்

அக்கா, இரண்டு விஷயம் தெரிந்தால் சரியாகச் சொல்லலாம். அவர்களுக்கு வரும் கால் அதிகமா, அவர்கள் போடும் கால் அதிகமா? வங்கி, பென்ஷன், காஸ் எல்லாம் எந்த எண்ணில் இருக்கிறது?

ஹலசூர்_மகள்

வருவது பாதி, போடுவது பாதி. வங்கியும் பென்ஷனும் அப்பாவின் மொபைல் எண்ணில். காஸ் புக்கிங் அம்மா எண்ணில். அதனால் இரண்டு எண்ணையும் விட முடியாது.

ஓய்வு_டெலிகாம்

மகளே, தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்று நாம் காசு கொடுப்பது எதற்கு என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒரு காலத்தில் பெங்களூரிலிருந்து வேலூருக்கு எஸ்டிடி, அதாவது வெளியூர்க் கால், போட வேண்டுமென்றால் இரவு வரை காத்திருப்போம், அப்போதுதான் கட்டணம் கால்வாசி. தூரத்துக்கு ஒரு விலை, நேரத்துக்கு ஒரு விலை. 2006 மார்ச்சில் இந்தியா முழுக்க நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்று வந்தபோது தூரக் கணக்கு உடைந்தது. அப்புறமும் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்குக் கால் போனால் நிமிடத்துக்கு 6 காசு தர வேண்டும் என்ற இணைப்புக் கட்டணம் இருந்தது. 2021 ஜனவரி 1 முதல் அதுவும் போய்விட்டது.

அதனால் இன்று பேக் போட்ட சிம்மில் நீங்கள் பத்து நிமிடம் பேசினாலும் பத்து மணி நேரம் பேசினாலும் செலவு ஒன்றுதான். காசு போவது வேலிடிட்டிக்கு, அதோடு உங்களுக்கு வேண்டாத டேட்டாவுக்கு. ஆகவே எந்த பேக்கைப் பார்த்தாலும் விலையை நாளால் வகுத்துப் பாருங்கள். அந்த ஒரு கணக்கு போதும்.

28 நாள் பேக் என்றால் வருஷத்துக்கு 12 ரீசார்ஜ் இல்லை, 13. இது பலருக்கு உறைப்பதே இல்லை. 2022ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தலையிட்டு, ஒவ்வொரு கம்பெனியும் குறைந்தது ஒரு 30 நாள் பிளானாவது வைத்திருக்க வேண்டும் என்று சொன்னதே இந்த 13வது ரீசார்ஜ் புகாரால்தான்.

கேஆர்புரம்_கண்ணன்

ஐயா சொன்ன கணக்கையே போட்டுப் பார்க்கிறேன். 2024 டிசம்பரில் டிராய் ஒரு உத்தரவு போட்டது: பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள, டேட்டா இல்லாத பேக்கை எல்லாக் கம்பெனியும் தர வேண்டும், அதற்கான வேலிடிட்டியின் உச்சவரம்பு 90 நாளிலிருந்து 365 நாளாக உயரும். 2025 ஜனவரியில் கம்பெனிகள் கொண்டுவந்த விலை இது:

ஏர்டெல்: 84 நாளுக்கு 469, 365 நாளுக்கு 1849.
ஜியோ: 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1748.
வி (வோடபோன் ஐடியா): 84 நாளுக்கு 470, 365 நாளுக்கு 1849.

வருஷ பேக்கை வகுத்தால் ஒரு நாளைக்கு 5 ரூபாய்ச் சொச்சம். இதோடு ஒப்பிடப் பழைய பேக் ஒன்றை எடுங்கள். 2024 ஜூலை விலை உயர்வுக்குப் பிறகு ஏர்டெல்லில் 28 நாளுக்கு 2 ஜிபி தரும் பேக் 199. அதை 13 முறை போட்டால் 2587. வருஷ வாய்ஸ் பேக் 1849. ஒரு சிம்முக்கு 738 ரூபாய் மிச்சம். நீங்கள் போடும் தினசரி டேட்டா பேக்கோடு ஒப்பிட்டால் இன்னும் அதிகம் மிஞ்சும்.

ரீசார்ஜ் செய்கிற அன்று ஆப்பில் அன்றைய விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று கவனம்: இந்த வாய்ஸ் பேக் ஆப்பைத் திறந்ததும் கண்ணில் படாது. டேட்டா பேக்குகளையெல்லாம் தாண்டிக் கீழே போய்த் தேட வேண்டும். கடையில் கேட்டாலும் "டேட்டா இல்லாம எதுக்கு சார்" என்று வேறு பேக்கைத்தான் நீட்டுவார்கள். விலையையும் நாளையும் சொல்லிக் கேளுங்கள்.

விவேக்நகர்_ராணி

கண்ணன் சொல்வது சரி, ஆனால் அக்காவின் பிரச்சினை சிக்னல். வீட்டுக்குள் சிக்னலே இல்லாத சிம்முக்கு வருஷ பேக் போட்டு என்ன பயன்?

என் கருத்து ஃபைபர். ஃபைபர் இணைப்போடு லேண்ட்லைன் எண்ணும் இந்தியா முழுக்க இலவசக் காலும் சேர்ந்தே வருகிறது. ஜியோவில் ஆரம்ப பிளான் 399, அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக மாதம் 471 ரூபாய். அவர்கள் மாட்டும் மோடம் பெட்டியின் பின்னால் டெலிபோன் படம் போட்ட சின்னத் துளை இருக்கும். பழைய லேண்ட்லைன் கருவியின் ஒயரை அதில் செருகினால் டயல் டோன் வந்துவிடும். அம்மாவுக்குப் பழகிய அதே போன், அதே ரிசீவர்.

வைஃபை வந்துவிட்டால் வைஃபை காலிங்கும் கிடைக்கும். அம்மாவின் ஸ்மார்ட்போனில் செட்டிங்கில் ஒரு முறை போட்டுவிட்டால், டவர் சிக்னல் இல்லாவிட்டாலும் சாதாரண கால் வைஃபை வழியாகவே வரும், போகும். தனிக் கட்டணம் இல்லை. எதிரே பேசுபவர் எதுவும் செய்ய வேண்டாம், அவருக்கு அது சாதாரண கால்தான். வாட்ஸ்ஆப் கால் அப்படி இல்லை, இரண்டு பக்கமும் நெட் வேண்டும். தங்கவயல் பெரியம்மாவிடம் நெட் இருக்கிறதோ என்னவோ.

ஆஸ்டின்டவுன்_மணி

ராணி அக்கா, எல்லாம் சரி, கரண்ட் போனால்?

பழைய செம்புக் கம்பி போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வரும். வீட்டில் விளக்கு அணைந்தாலும் போன் அடிக்கும். ஃபைபர் அப்படி இல்லை. மோடத்துக்கு வீட்டு கரண்ட் வேண்டும். பெஸ்காம், அதாவது நம்ம ஊர் மின்சாரக் கம்பெனி, தரும் கரண்ட் போன நிமிடம் லேண்ட்லைன், வைஃபை, வைஃபை காலிங் மூன்றும் ஒன்றாகப் படுத்துவிடும். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில், இருட்டில், போனும் இல்லை என்றால் யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று இந்த ஊரில் ஃபைபர் எப்படி வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். மரத்துக்கு மரம், கம்பத்துக்குக் கம்பம் தொங்கிக்கொண்டு வருகிறது. மே மாத மழையில் கிளை முறிந்தால் ஒயரும் சேர்ந்து போகும். கம்பத்தில் தொங்கும் கேபிள்களை பெஸ்காமே வெட்டி எடுக்கும் நாளும் உண்டு. எங்கள் தெருவில் இப்படி அறுந்தால் ஆள் வந்து பார்ப்பதற்கே சில நாளாகிவிடும்.

விவேக்நகர்_ராணி

அதற்கு வழி இருக்கிறது மணி. ரௌட்டருக்கென்றே குட்டி யுபிஎஸ் எஸ்பி ரோட்டில் கிடைக்கிறது. 12 வோல்ட், கைக்குள் அடங்கும் பெட்டி. மோடத்தின் அடாப்டர் அதில், அதிலிருந்து ஒயர் மோடத்துக்கு. சில மணி நேரம் தாங்கும். வாங்கும் முன் மோடத்தின் அடியில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பதைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள்; ஒயர் முனையில் உள்ள பின்னின் அளவும் பொருந்த வேண்டும். ஒயர் அறுந்தால் என்ன செய்வது என்றால், அதற்கு என்னிடமும் பதில் இல்லை.

ஓய்வு_டெலிகாம்

ஃபைபர் எடுப்பவர்களுக்கு ஒரு சேதி. லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்குப் போடும்போது முன்னால் 0 சேர்க்க வேண்டும். 2021 ஜனவரி 15 முதல் இந்த விதி. பல வீடுகளில் பெரியவர்கள் பழக்கத்தில் பத்து எண்ணை மட்டும் அழுத்திவிட்டு, ரெக்கார்டிங் குரலைக் கேட்டு, போன் கெட்டுவிட்டது என்று வைத்துவிடுகிறார்கள். டைரியில் எழுதியிருக்கும் எண்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் 0 போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

லேண்ட்லைன் எண்ணை ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்கு எடுத்துப் போகவும் முடியாது. மொபைலுக்கு மட்டும்தான் அந்த வசதி.

மர்ஃபிடவுன்_ஜான்

நான் வேறு ஒன்று சொல்கிறேன். இதை யாரும் யோசிக்கவில்லை.

சிம் போடும் டேபிள் போன். பார்க்க அச்சு அசல் லேண்ட்லைன் போல இருக்கும். சுருள் ஒயர், ரிசீவர், பெரிய பட்டன். அடியில் மூடியைத் திறந்தால் சிம் போடும் இடமும் ஒரு பேட்டரியும். பின்னால் விரல் நீளத்துக்கு ஆன்டெனா. எங்கள் அம்மாவுக்கு இதுதான் வாங்கிக் கொடுத்தேன். ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்கும், எண்ணை அழுத்தினால் போகும், அவ்வளவுதான். மெமரி பட்டன் நாலு இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஸ்டாம்ப் சைஸ் போட்டோ ஒட்டிவிட்டேன்: தம்பி, தங்கை, நான், டாக்டர். அம்மாவுக்கு எண்ணைப் படிக்கும் வேலையே இல்லை. ரிங் சத்தம் சமையலறை வரை கேட்கும், மொபைல் சத்தம் போலக் கீச்சென்று இருக்காது.

கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடும். தோண்டினால் அறுவதற்குக் கம்பியே இல்லை. மாதச் செலவு கண்ணன் சொன்ன வாய்ஸ் பேக் மட்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது: 2ஜி மட்டும் எடுக்கும் மாடல் மலிவு, ஆனால் ஜியோ சிம் அதில் வேலை செய்யாது. ஜியோவில் 2ஜியே கிடையாது. வோ-எல்டிஇ, அதாவது 4ஜி வழியாகவே குரல் போகும் வசதி, உள்ள 4ஜி மாடலாக வாங்கினால் எந்த சிம்மையும் போடலாம், குரலும் நன்றாக இருக்கும். விலை கொஞ்சம் கூட. கொடுக்கலாம், தப்பில்லை.

சிக்னல் பற்றி: மொபைல் எங்கேயோ ஒரு மூலையில் கிடக்கும். டேபிள் போனுக்கு ஒரு இடம் உண்டு. வீட்டில் எந்த ஜன்னல் ஓரத்தில் சிக்னல் நன்றாக இருக்கிறதோ அங்கே ஸ்டூல் போட்டு வைத்துவிடலாம். ஆன்டெனாவும் கைகொடுக்கும்.

காக்ஸ்டவுன்_சேகர்

ஜான் அண்ணன் சொன்னது நல்ல யோசனை. அதற்கு முன்னால் எந்த நெட்வொர்க் அந்த வீட்டில் எடுக்கிறது என்று பார்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போகும்போது மூன்று கம்பெனி சிம்முள்ள போன்களைக் கொண்டுபோங்கள். மாடி வீட்டுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் போன் இருந்தாலும் போதும். கோடுகளை எண்ணாதீர்கள். ஹால், படுக்கை அறை, சமையலறை மூன்றிலும் நின்று நிஜமாகவே கால் போட்டுப் பேசிப் பாருங்கள். நாலு கோடு காட்டிக்கொண்டே குரல் வராத இடமும் உண்டு.

நன்றாக எடுக்கும் கம்பெனிக்கு எண்ணை மாற்றுவது சுலபம். 1900க்கு போர்ட் என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு எண்ணைப் போட்டு எஸ்எம்எஸ் அனுப்பினால் ஒரு குறியீடு வரும். அது 4 நாள் செல்லும். ஆதாரோடு புதுக் கம்பெனிக் கடைக்குப் போனால் அதே சர்க்கிளுக்குள் (அதே தொலைபேசி வட்டாரத்துக்குள்) 3 வேலை நாளில் முடியும். இப்போதைய கம்பெனியில் 90 நாள் ஆகியிருக்க வேண்டும். சிம் தொலைந்து புது சிம் வாங்கியிருந்தால் 7 நாள் பொறுக்க வேண்டும். மீதி பேலன்ஸும் வேலிடிட்டியும் கூட வராது, பேக் முடியும் சமயம் பார்த்துச் செய்யுங்கள். மாறும்போது கொஞ்ச நேரம் சிக்னல் இருக்காது, பென்ஷன் தேதியில் வேண்டாம்.

அந்தக் குறியீட்டை போனில் கேட்கும் யாருக்கும் சொல்லக் கூடாது என்று அப்பாவிடம் அழுத்திச் சொல்லிவிடுங்கள்.

ஷார்ஜா_பெங்களூர்

தம்பி ஷார்ஜாவில் இருக்கிறார் என்றதால் எழுதுகிறேன். இங்கே வாட்ஸ்ஆப் மெசேஜ் போகும், கால் போகாது. பாட்டிம் போல அனுமதி பெற்ற ஆப்தான் வழி. அதற்கு அம்மா பக்கமும் அதே ஆப், நெட் இரண்டும் வேண்டும். அம்மா ஐஎஸ்டி போடுவதை மட்டும் பழக்கிவிடாதீர்கள், சாதாரண வாய்ஸ் பேக்கில் வெளிநாட்டுக் கால் சேராது, காசு தனி. தம்பியை இங்கிருந்து இன்டர்நேஷனல் நிமிடம் உள்ள பேக் போட்டு அம்மா எண்ணுக்கு அடிக்கச் சொல்லுங்கள். அம்மாவுக்கு அது சாதாரண இன்கமிங் கால், அவர் பக்கம் காசு போகாது.

விவேக்நகர்_ராணி

பேரப்பிள்ளை முகம் பார்க்க வேண்டாமா? வீட்டில் நெட்டே வேண்டாம் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. 471 ரூபாயில் போன், வைஃபை, வீடியோ கால் எல்லாம் வருகிறது. பெரியவர்களுக்குப் பேச்சு மட்டும் போதும் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம்.

ஆஸ்டின்டவுன்_மணி

முடிவு கட்டவில்லை அக்கா. அவர்கள் அப்பாவே வேண்டாம் என்கிறார். அவசரத்துக்கு அடிக்கும் போன் ஒன்று உறுதியாக இருந்தால்தான் மற்றதெல்லாம். வீடியோவுக்குப் பிறகு ஃபைபர் போடட்டும். ஃபைபர் வந்த பிறகும் மொபைலுக்கு வாய்ஸ் பேக்கே போதும், வீட்டில்தான் வைஃபை இருக்குமே. ஃபைபரும் வைத்துக்கொண்டு வீட்டை விட்டு வெளியே போகாத இரண்டு மொபைலுக்கும் தினசரி டேட்டா பேக் போடும் குடும்பங்களை நிறையப் பார்க்கிறேன். பெரிய வீண் செலவு அங்கேதான்.

சிவாஜிநகர்_பாஷா

இன்னும் குறைக்க வேண்டுமென்றால் ஜியோபாரத் போன் இருக்கிறது. பட்டன் போன்தான், 2023ல் 999 ரூபாய்க்கு வந்தது. 28 நாளுக்கு 123 ரூபாய், 13 முறை போட்டால் 1599. அந்த போனில்தான் அந்த பேக், அந்த போனில் ஜியோ சிம்தான். அப்பா வீட்டில் ஜியோ எடுத்தால் பாருங்கள்.

கேஆர்புரம்_கண்ணன்

அப்பா எண்ணில் வங்கி இருக்கிறதே பாஷா பாய். 28 நாளைக்கு ஒரு முறை யார் ஞாபகம் வைத்துப் போடுவது? ஒரு மாதம் விட்டுப்போனால் ஓடிபி வராமல் போகலாம். 250 ரூபாய் கூடப் போனாலும் வருஷ பேக்கே நிம்மதி. மகள் ஜனவரியில் ஒரு முறை உட்கார்ந்து இரண்டு எண்ணுக்கும் போட்டுவிட்டால் முடிந்தது.

ஹலசூர்_மகள்

எல்லோருக்கும் நன்றி. சேகர் சொன்னபடி வீட்டில் ஒவ்வொரு அறையிலும் பேசிப் பார்த்தோம். மாடி வீட்டுக்காரரின் சிம் ஹால் ஜன்னல் ஓரத்தில் தெளிவாக எடுக்கிறது, எங்கள் சிம்தான் எடுக்கவில்லை. அம்மா எண்ணை அதே கம்பெனிக்கு மாற்றி, ஜான் அண்ணன் சொன்ன 4ஜி டேபிள் போனில் போட்டாயிற்று. அப்பா எண்ணையும் அடுத்து மாற்றுகிறோம், அவர் பட்டன் போனே போதும். இரண்டுக்கும் வருஷ வாய்ஸ் பேக், 1849 வீதம் 3698. மாதத்துக்குப் பிரித்தால் 308 ரூபாய்.

மெமரி பட்டனில் அம்மா முதலில் கேட்டது பெரியம்மாவைத்தான். தம்பி அங்கிருந்தே அடிக்கிறான். முகம் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை நான் போகும்போது என் போனில். ராணி அக்கா, நீங்கள் சொன்னதை மறக்கவில்லை, அப்பாவிடம் பேசிக்கொண்டே இருக்கிறேன்.

இரண்டு சந்தேகம். புது போனுக்கு லோன் கால், பரிசு கால் என்று வருகிறது, எப்படி நிறுத்துவது? பழைய லேண்ட்லைனை ஒப்படைத்தால் டெபாசிட் வருமா?

காக்ஸ்டவுன்_சேகர்

1909க்கு அந்த சிம்மிலிருந்தே அடித்து விளம்பரக் கால் வேண்டாம் என்று பதிவு செய்யுங்கள். எல்லாம் நிற்காது, நிறையக் குறையும். சஞ்சார் சாத்தி என்ற அரசு இணையதளத்தில் அப்பா எண்ணைப் போட்டு ஓடிபி கொடுத்தால் அவர் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று காட்டும். தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். அம்மா பெயருக்கும் பாருங்கள்.

ஓய்வு_டெலிகாம்

டெபாசிட் வரும், பாக்கி பில்லைக் கழித்துக்கொண்டு. போனில் சொல்லி விட்டுவிடாதீர்கள். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் கையெழுத்தோடு எழுத்தில் கொடுங்கள். கடைசி பில் நகல், அடையாள அட்டை நகல், பணம் போட வேண்டிய வங்கிக் கணக்கு விவரம் மூன்றும் சேர்த்து. மோடம் அவர்களுடையது என்றால் அதையும் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். லைன் பழுதாகிப் புகார் கொடுத்த தேதியும் புகார் எண்ணும் இருந்தால் அந்தக் கடிதத்திலேயே எழுதி, வேலை செய்யாத மாதங்களின் வாடகையைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் கவுண்டரை விட்டு வராதீர்கள்.